உகாண்டா கிராமத்து ஆலயத்தில் ஞாயிற்றுக்கிழமை: குழந்தைகள் இல்லத்துக்குத் தன்னார்வலராகப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

உகாண்டாவின் நடுப்பகுதியில், லுகாண்டா மொழி பேசும் ஒரு கிராமத்துக் குழந்தைகள் இல்லத்தில் நான் இரண்டு தடவை தங்கி வேலை செய்திருக்கிறேன். முதல் தடவை நான்கு மாதம், அடுத்த தடவை ஆறு வாரம். அங்கே போகக் கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்விகளில் கொசுவலை, சிம் கார்டு, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி பற்றியவற்றுக்கு வேறு இடங்களிலும் பதில் கிடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பற்றிய கேள்விகளுக்குத்தான் கிடைப்பதில்லை. நான் அதிகம் கற்றுக்கொண்டதும் அதிகம் தவறு செய்ததும் அந்த நாளில்தான். நான் சொல்வது புகாண்டா என்ற இந்த நடுப்பகுதிக்குப் பொருந்தும். வடக்கே அச்சோலி மக்களிடமும் மேற்கே அங்கோலேயிலும் மொழியும் வழக்கமும் வேறு.

ஞாயிறன்று ஆலயத்துக்குப் போயே ஆக வேண்டுமா? இல்லத்திலேயே ஓய்வெடுக்கக் கூடாதா?

கட்டாயம் இல்லை. வாரம் முழுக்கத் துணி துவைத்து, தண்ணீர் சுமந்து, பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு ஒரு காலையாவது தூங்க வேண்டும் என்று தோன்றினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இருந்தாலும் போங்கள் என்றுதான் சொல்வேன்.

இல்லத்துக்குள் நீங்கள் பார்ப்பது பிள்ளைகளின் பாதி வாழ்க்கை. வேலிக்கு வெளியே அவர்களுக்கு ஓர் ஊர் இருக்கிறது. கிழவிகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தலையைத் தடவுவது, பள்ளிக்கூடத் தோழர்களைச் சீருடை இல்லாமல் பார்ப்பது, பக்கத்துத் தோட்டக்காரரிடம் ஒரு வேலையை ஒப்புக்கொள்வது, எல்லாமே ஆலயத்து மாமரத்தடியில் நடக்கும். பிள்ளைகள் ஊரோடு கலக்கும் இடம் பல கிராமங்களில் இது ஒன்றுதான். அதைப் பார்க்காமல் அவர்களை அறிந்துவிட்டதாக நினைக்க முடியாது.

அங்கே எந்தச் சபை இருக்கும்?

2014 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி உகாண்டாவில் 100 பேரில் 39 பேர் கத்தோலிக்கர், 32 பேர் ஆங்கிலிக்கன் சபையான சர்ச் ஆஃப் உகாண்டாவைச் சேர்ந்தவர்கள், 11 பேர் பெந்தெகொஸ்தே சபைகளில் இருப்பவர்கள். முஸ்லிம்கள் கிட்டத்தட்ட 14 பேர். ஒரே கிராமத்தில் இந்த நான்கையும் பார்க்கலாம். ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையினர் நடத்தும் இல்லமாக இருந்தால் ஆராதனை சனிக்கிழமை. இதைத் தெரிந்துகொள்ளாமல் சனிக்கிழமை காலையில் துணி ஊறவைத்துவிட்டு விழித்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர் உண்டு.

ஆங்கிலிக்கன் மிஷனரிகள் 1877-இலும், கத்தோலிக்கக் குருக்கள் 1879-இலும் கபாக்கா முதலாம் முட்டேசாவின் அரண்மனைக்கு வந்து சேர்ந்தார்கள். கபாக்கா என்றால் புகாண்டாவின் அரசர். அந்தக் காலத்தில் கிறிஸ்தவர்களானவர்களை ஊரார் 'அபசோமி' என்று அழைத்தார்கள். 'வாசிப்பவர்கள்' என்று பொருள். எழுத்துக் கற்றுக்கொள்வதும் விசுவாசத்துக்குள் வருவதும் அவர்களுக்கு ஒரே காரியமாக இருந்தது. லுகாண்டாவில் முழு வேதாகமம் 1896-லேயே வந்துவிட்டது. இன்றைக்கும் கிராமத்து ஆலயத்தில் வேதபாடம் வாசிக்க ஒரு சிறுவனைக் கூப்பிட்டால் அவன் வீட்டார் நிமிர்ந்து உட்காருவதைப் பார்க்கலாம்.

இன்னொன்று. கிராமத்தில் ஆயரையோ குருவையோ வாராவாரம் எதிர்பார்க்காதீர்கள். ஒருவர் பல ஆலயங்களைப் பார்த்துக்கொள்வார். பெரும்பாலான ஞாயிறுகளில் ஆராதனையை நடத்துவது உபதேசியார்தான். அவர் அந்த ஊர்க்காரர், தோட்டம் வைத்திருப்பவர், யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று அறிந்தவர். போன முதல் வாரமே அவரிடம் போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள்.

நான் கிறிஸ்தவர் இல்லை. போகலாமா?

தாராளமாக. என்னோடு இருந்த ஒருவர் தினமும் திருநீறு பூசிக்கொள்ளும் வழக்கம் உள்ளவர். தனக்கு என்ன நம்பிக்கை என்று உபதேசியாரிடம் முதலிலேயே சொல்லிவிட்டு, ஒவ்வொரு ஞாயிறும் பின்பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். எல்லாரும் எழும்போது எழுவார், ஜெப நேரத்தில் தலை குனிந்திருப்பார். அவருக்குக் கிடைத்த மரியாதையில் ஒரு குறையும் இல்லை. நம்பிக்கை இருப்பதுபோல் காட்டிக்கொள்வதுதான் தவறாகப் போகும். அப்பமும் ரசமும் கொடுக்கும் நற்கருணைக்கு எழுந்து போக வேண்டாம். கிறிஸ்தவர்களும் கவனியுங்கள்: நீங்கள் வேறு சபையைச் சேர்ந்தவராக இருந்தால், முக்கியமாகக் கத்தோலிக்கத் திருப்பலியில், கேட்காமல் வரிசையில் நிற்காதீர்கள்.

என்ன உடுத்திக்கொள்வது?

பெண்களுக்கு முழங்காலை நன்றாக மறைக்கும் பாவாடை, தோளை மூடும் சட்டை. சுடிதாரும் போதும், ஆனால் வயதான பெண்கள் பாவாடையைத்தான் விரும்புவார்கள். ஆண்களுக்கு நீளக் காற்சட்டை, காலர் வைத்த சட்டை. அரைக்காற்சட்டை வேண்டவே வேண்டாம். அங்கே அதைச் சிறுவர்களின் உடையாகத்தான் பார்க்கிறார்கள்.

சேற்றுப் பாதையில் நான்கு கிலோமீட்டர் நடந்து வருகிறவர்கள்கூட ஆலயத்து வாசலில் நின்று, கையில் கொண்டுவந்த துணியால் செருப்பைத் துடைத்துவிட்டு உள்ளே நுழைவார்கள். அதனால் 'கிராமம்தானே' என்று கசங்கிய டீ-ஷர்ட்டோடு போகாதீர்கள். அம்மாக்கள் உடுத்தும் கொமேசி என்ற நீண்ட உடையைக் கவனியுங்கள். தோள் இரண்டும் கூராக எழுந்து நிற்கும், இடுப்பில் அகலமான பட்டை. கோவாவைச் சேர்ந்த கோமெஸ் என்ற தையல்காரரின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. ஓர் இந்தியத் தையல்காரரின் பெயர் புகாண்டா பெண்களின் மிக மதிப்பான உடைக்கு நிலைத்துவிட்டதை அங்கே ஒரு பாட்டியே என்னிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

எவ்வளவு நேரம் நடக்கும்?

இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது, நான்கு மணி நேரமும் ஆகலாம். மேளம் அடிக்கும்போது இல்லத்திலிருந்து கிளம்பினால் சரியாக இருக்கும். சில ஊர்களில் மரத்தில் தொங்கும் பழைய லாரிச் சக்கர வளையத்தைத் தட்டுவார்கள், அதுதான் மணி. தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள், கழிப்பறைக்கும் போய்விட்டுப் போங்கள். மார்ச் முதல் மே வரையும், செப்டம்பர் முதல் நவம்பர் வரையும் மழைக்காலம். தகரக் கூரையில் மழை விழுந்தால் பிரசங்கம் கேட்காது. உபதேசியார் நிறுத்திவிடுவார், யாராவது மேளத்தை எடுப்பார்கள், மழை விடும்வரை பாட்டுதான். எனக்கு அங்கே மிகவும் பிடித்த நேரம் அது.

மொழி ஒன்றும் புரியாதே, நான்கு மணி நேரம் என்ன செய்வது?

பக்கத்தில் ஒரு பையனையோ பெண்ணையோ உட்காரவைத்து ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கச் சொல்வார்கள். இரண்டு வாரம் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். அப்புறம் 'நான் சமாளித்துக்கொள்கிறேன்' என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பிள்ளைக்கும் ஆராதனை வேண்டும் இல்லையா?

என் வழி இது. தமிழ் வேதாகமம் கைப்பேசியில் இருந்தது. புத்தகங்களின் லுகாண்டாப் பெயர்களை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டேன்: ஸப்புலி என்றால் சங்கீதம், மத்தாயோ, மாக்கோ, லுக்கா, யொகானா. அதிகாரமும் வசனமும் எத்தனை என்பதைப் பக்கத்திலிருக்கும் பிள்ளை விரலால் காட்டிவிடும். அவள் லுகாண்டாவில் வாசிக்க, நான் தமிழில் வாசிக்க, ஒரே வசனம் இரண்டு பேருக்கும் ஓடியது. கைப்பேசியை எடுக்கும் முன் அதில் என்ன வாசிக்கிறேன் என்று காட்டிவிடுவேன். இல்லாவிட்டால் விளையாடுகிறேன் என்றுதான் நினைப்பார்கள். அச்சுப் புத்தகம் கொண்டுபோனால் இன்னும் நல்லது. தமிழ் எழுத்தைப் பார்க்க ஒரு கூட்டமே சேரும்.

வணக்கங்களை மட்டும் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். காலையில் 'வசூஸெ ஒட்யா?' என்று கேட்பார்கள். இரவு எப்படிக் கழிந்தது என்று பொருள். ஆணுக்கு 'ஸெபோ', பெண்ணுக்கு 'ன்யாபோ' என்று மரியாதையாகச் சேர்க்க வேண்டும். 'புலுங்கி', நன்றாக, என்று பதில் சொல்லலாம். வேலை செய்துகொண்டிருப்பவரைக் கடந்து போகும்போது 'ஜெபலே கோ' என்பார்கள், செய்கிற வேலைக்கு நன்றி சொல்வது அது. தனக்காக வேலை செய்யாதவருக்கும் நன்றி சொல்லிவிட்டுப் போகும் இந்தப் பழக்கம் என் மனதில் ஒட்டிக்கொண்டது. ஆலயத்தில் யாராவது 'முகமா யேபஸிப்வே' என்று சத்தமாகச் சொன்னால், கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று அர்த்தம். 'ஆமீனா' என்று பதில் சொல்லுங்கள்.

பெண்களும் சிறுமிகளும் பெரியவர்களுக்கு முன் மண்டியிட்டு வணங்குவார்கள். உங்கள் முன்னாலும் ஒரு சிறுமி மண்டியிடக்கூடும். பதறித் தூக்கிவிடாதீர்கள். அது அவள் வீட்டில் கற்றுக்கொடுத்த மரியாதை. கொஞ்சம் குனிந்து, வணக்கத்தை முழுதாகத் திருப்பிச் சொல்லுங்கள்.

முன்னால் கூப்பிட்டுப் பேசச் சொல்வார்களாமே?

சொல்வார்கள். முதல் ஞாயிறே நடக்கும். பெயர், எங்கிருந்து வருகிறீர்கள், இங்கே எத்தனை நாள் இருப்பீர்கள் என்று மூன்று வரி, அப்புறம் வரவேற்றதற்கு நன்றி. போதும். எத்தனை நாள் என்பதை மறக்காமல் சொல்லுங்கள், அது பிள்ளைகள் காதிலும் விழ வேண்டும்.

பிரசங்கம் செய்யும்படி கேட்டால் மறுத்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்பதற்காகவே மேடை கிடைக்கும், அந்த மேடைக்குரியவர் உபதேசியார். அவரே இரண்டாவது மூன்றாவது தடவை வற்புறுத்தினால், சபையிலும் உங்களுக்குப் பேசிப் பழக்கமிருந்தால், பத்து நிமிடம் பேசலாம். இல்லத்துப் பிள்ளைகளின் கதையை உதாரணமாக எடுத்துச் சொல்வது மட்டும் கூடவே கூடாது. 'அப்பா அம்மா இல்லாத இந்தப் பிள்ளைகள்' என்று ஒரு தன்னார்வலர் மேடையிலிருந்து சொன்னபோது என் பக்கத்தில் இருந்த பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு அம்மா இருந்தார்.

காணிக்கை எவ்வளவு போடலாம்?

பக்கத்தில் இருப்பவர் போடுவதைப் பாருங்கள். 500 ஷில்லிங் நாணயமும் 1,000 ஷில்லிங் தாளும்தான் அதிகம் விழும். 2,000 போடலாம், 5,000 போடலாம். 50,000 தாளை விரித்துப் போடுவது வேண்டாம். பெரிய தொகை கொடுக்க விருப்பமிருந்தால் ஆராதனை முடிந்தபின் சபைப் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

பணமில்லாதவர்கள் பொருளாகக் கொண்டுவருவார்கள்: இரண்டு முட்டை, ஒரு தார் மட்டோக்கே வாழை, பீன்ஸ், மரவள்ளி, பலா, காலைக் கட்டிய கோழி. ஆராதனை முடிவில் அவற்றை ஏலம் விடுவார்கள். நம் ஊர்ச் சபைகளில் அறுப்பின் பண்டிகை ஏலம் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒருவர் ஏலத்தில் எடுத்த முட்டையை மறுபடியும் காணிக்கையாகக் கொடுப்பார், அது மறுபடி ஏலத்துக்கு வரும், சிரிப்பும் கைதட்டலுமாக இருக்கும்.

என் இரண்டாவது ஞாயிறன்று ஒரு சேவல் வந்தது. 8,000, 9,000 என்று போய்க்கொண்டிருந்தது. சபைக்கு உதவியாக இருக்கட்டும் என்று நான் நேராக 50,000 என்றேன். கைதட்டினார்கள். ஆனால் ஏலம் அங்கேயே நின்றுபோனது. அதுவரை ஆயிரம் ஆயிரமாக ஏற்றிக்கொண்டிருந்த பெரியவர் உட்கார்ந்துவிட்டார். அன்று மாலை உபதேசியார் இல்லத்துக்கு வந்தார். 'நீங்கள் கொடுத்தது சபைக்கு உதவும், நன்றி' என்று முதலில் சொன்னார். பிறகு, 'அந்தச் சேவலை அவர் தன் பேரன் வருகிறான் என்று வாங்க நினைத்தார். ஏலத்தில் எல்லாருடைய குரலும் கேட்க வேண்டும்' என்றார். மறுநாள் சேவலைப் பெரியவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் 9,000 ஷில்லிங்கை என் கையில் வைத்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு ஏலத்தில் நான் முட்டையோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆலயத்தில் பிள்ளைகளோடு உட்காரலாமா? மடியில் வைத்துக்கொள்ளலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் நீளமாகப் பதில் எழுத விரும்புகிறேன்.

முதல் ஒரு மாதம் ஒவ்வொரு ஞாயிறும் என் இரண்டு பக்கத்திலும் பிள்ளைகள், மடியில் ஒன்று. எனக்கு அது பெரிய சந்தோஷம். ஆராதனை முடிந்ததும் அவர்களை எண்ணி, கை பிடித்து, வரிசையாக இல்லத்துக்குக் கூட்டிக்கொண்டு வருவேன். பொறுப்பாக நடந்துகொள்கிறேன் என்று நினைத்தேன்.

அதில் ஏழு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். ஒரு ஞாயிறன்று அவன் நடக்க மாட்டேன் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தான். நான் கையை இறுகப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். இல்லத்தில் சமைக்கும் அக்கா அதைப் பார்த்துவிட்டு, 'அங்கே மரத்தடியில் நிற்கிறார்களே, அது அவனுடைய ஜாஜா' என்றார். ஜாஜா என்றால் பாட்டி. அந்தப் பாட்டி எட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊரிலிருந்து மாதம் ஒரு தடவை அவனைப் பார்ப்பதற்காகவே இந்த ஆலயத்துக்கு வருவாராம். துணியில் அவித்த சோளக்கதிர் முடிந்துவைத்திருப்பாராம். இல்லத்து வாசலுக்கு வர அவருக்குக் கூச்சம். நான் வந்த பிறகு, பையன் வெளிநாட்டுக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்து, இடைஞ்சல் செய்யக்கூடாது என்று மரத்தடியிலேயே நின்றுவிட்டிருக்கிறார்.

நான் திரும்பி ஓடினேன். பாட்டி பாதி தூரம் போயிருந்தார். பையன் எனக்கு முன்னால் ஓடிப் பிடித்துவிட்டான். மண்டியிட்டு வணங்கி என்னிடம் மன்னிப்புக் கேட்டது அந்தப் பாட்டி. அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

உலகம் முழுவதும் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார் என்று சேவ் த சில்ட்ரன் அமைப்பு 2009-இல் சொன்னது. வறுமை ஒன்றை மட்டும் காரணமாக வைத்துப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக்கூடாது என்று அதே ஆண்டு ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட வழிகாட்டுதலும் சொல்கிறது. இந்த இரண்டையும் போகும் முன்பே நான் படித்திருந்தேன். அந்த ஐந்தில் நான்கு பேரின் சொந்தங்கள் சோளக்கதிரோடு மரத்தடியில் நிற்பார்கள் என்று மட்டும் தெரியாமல் இருந்தேன்.

அதனால் என் பதில்: பிள்ளைகளுக்கு நடுவில் உட்காராதீர்கள். அம்மாக்கள் பக்கத்திலோ, ஆண்களானால் ஆண்கள் பக்கத்திலோ, ஊராரோடு உட்காருங்கள். சின்னக் குழந்தை தானாக வந்து மடியில் ஏறினால் தள்ளிவிட வேண்டாம். அதைப் பக்கத்தில் இருக்கும் ஓர் அம்மாவின் மடிக்கு மாற்றிவிடுங்கள், அது அங்கே சாதாரண விஷயம். ஆராதனை முடிந்தபின் ஒரு மணி நேரமாவது முற்றத்தில் பிள்ளைகளை விடும்படி இல்லப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். யார் யாரிடம் போய்ப் பேசுகிறார்கள் என்று தள்ளி நின்று கவனியுங்கள். எங்கள் இல்லத்தில் அப்படிக் கவனித்ததில் மூன்று பிள்ளைகளின் உறவினர்கள் தெரியவந்தார்கள். இல்லத்துக் கோப்பில் அவர்கள் பெயர்களே இல்லை. பொறுப்பாளர் அதை எழுதிவைத்து மாவட்ட சமூகநல அலுவலரிடம் கொண்டுபோனார்.

யாரோ ஒருவர் உறவு என்று சொன்னதும் பிள்ளையை அவரோடு அனுப்பிவிடுவதும் கூடாது. பேச்சு முற்றத்திலேயே, எல்லார் கண்ணெதிரிலும் நடக்கட்டும். விசாரிப்பது பொறுப்பாளரின் வேலை, உங்களுடையது அல்ல.

போட்டோ எடுக்கலாமா?

ஆராதனையில் வேண்டாம். பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தை ஊர்ப் பெயரோடு எங்கேயும் போடாதீர்கள். ஆலயக் கட்டடம், மேளம், மாமரம் ஆகியவற்றை உபதேசியாரிடம் கேட்டுவிட்டு எடுக்கலாம்.

பள்ளிக் கட்டணத்துக்கு உதவி கேட்கிறார்கள். எப்படி மறுப்பது?

உகாண்டாவில் பள்ளி ஆண்டு பிப்ரவரியில் தொடங்கி டிசம்பர் தொடக்கத்தில் முடியும், மூன்று பருவங்கள். ஒவ்வொரு பருவமும் தொடங்கும் முன் வரும் ஞாயிறுகளில் கேட்பவர்கள் அதிகம். ஒரு கடிதத்தை நான்காக மடித்துக் கையில் வைத்துவிட்டுப் போவார்கள். கேட்பதை அவமானமாக நினைக்க வேண்டாம், ஏமாற்று என்றும் நினைக்க வேண்டாம். பெரும்பாலும் தேவை உண்மையானதுதான்.

'பார்க்கிறேன்' என்று சொல்லாதீர்கள். அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். 'என்னால் தனியாகக் கொடுக்க முடியாது, கடிதத்தை உபதேசியாரிடம் சேர்க்கிறேன்' என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள், சொன்னபடி சேர்த்துவிடுங்கள். கொடுக்க விருப்பமிருந்தால் சபையிலோ பள்ளியிலோ ஏற்கனவே இருக்கும் நிதியில் சேருங்கள். யார் பணம் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டியதில்லை.

இந்தியர் என்பதால் வேறு மாதிரி நடத்துவார்களா?

சின்னப் பிள்ளைகள் 'முசுங்கு' என்று வெள்ளைக்காரரைக் கூப்பிடுவது போலவே உங்களையும் கூப்பிடக்கூடும். பெரியவர்கள் 'முயிண்டி' என்பார்கள், இந்தியர் என்று பொருள். வசைச்சொல் அல்ல.

பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1972-இல் இடி அமீன், உகாண்டாவில் இருந்த ஆசியர்களை 90 நாளில் வெளியேறச் சொன்னார். பல பத்தாயிரம் பேர் கடையையும் வீட்டையும் விட்டுவிட்டுப் போனார்கள். வயதானவர்களுக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் சபையில் ஒரு தாத்தா, தான் சிறுவனாக வேலை பார்த்த இந்தியக் கடையைப் பற்றி மூன்று ஞாயிறு தொடர்ந்து சொன்னார். முதலாளி கணக்கு எழுதக் கற்றுக்கொடுத்ததையும் சொன்னார், பின்வாசல் வழியாகத்தான் உள்ளே விட்டார் என்பதையும் சொன்னார். இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். வாதாட வேண்டாம்.

இந்தியரில் கிறிஸ்தவர்கள் உண்டா என்று ஆச்சரியப்படுவார்கள். ஒரு தமிழ்ப் பாட்டு பாடச் சொல்வார்கள். பாடுங்கள். ராகம் பிடித்துப்போனால் மேளக்காரர் இரண்டாவது அடியிலேயே சேர்ந்துகொள்வார்.

பிள்ளைக்குக் காய்ச்சல், ஜெபித்தால் போதும் என்று யாராவது சொன்னால்?

ஜெபிக்கட்டும், நீங்களும் அவர்களோடு நில்லுங்கள். அதே நேரம் இல்லத்து நர்ஸிடமோ பொறுப்பாளரிடமோ உடனே சொல்லுங்கள். அந்தப் பகுதியில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அன்றே மலேரியா பரிசோதனை செய்ய வேண்டும், திங்கட்கிழமைவரை காத்திருக்கக் கூடாது. அரசு சுகாதார நிலையங்களை இரண்டு, மூன்று, நான்கு என்று தரம் பிரித்திருக்கிறார்கள், எண் கூடக்கூட வசதி அதிகம். பக்கத்தில் எது, ஞாயிறன்று எது திறந்திருக்கும் என்று போய்ச் சேர்ந்த வாரத்திலேயே விசாரித்துவையுங்கள். மேடையில் பேசியவரோடு அங்கேயே மோதுவதால் பிள்ளைக்கு ஒரு நன்மையும் இல்லை. எங்கள் உபதேசியாரே காய்ச்சல் பிள்ளையை ஒரு அம்மாவோடு பொடா பொடா என்ற வாடகை பைக்கில் ஏற்றி அனுப்பிவிட்டு, திரும்பி வந்து ஜெபத்தைத் தொடர்ந்தார்.

ஜூன் 3 அன்று எல்லாரும் எங்கேயோ நடந்து போகிறார்களே?

நமுகோங்கோவுக்கு. கபாக்கா இரண்டாம் முவாங்கா காலத்தில், 1885 முதல் 1887 வரை, விசுவாசத்தை விட மறுத்தவர்கள் கொல்லப்பட்டார்கள். கத்தோலிக்கர் 22 பேரும் ஆங்கிலிக்கன் சபையினர் 23 பேரும் நினைவுகூரப்படுகிறார்கள். அவர்களில் பலர் அரண்மனைப் பணியாளர்களாக இருந்த இளைஞர்கள். 1886 ஜூன் 3 அன்று சார்லஸ் லுவாங்காவும் மற்றவர்களும் நமுகோங்கோவில் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கத்தோலிக்க மறைசாட்சிகளுக்கு 1964-இல் ஆறாம் பவுல் புனிதர் பட்டம் கொடுத்தார். அந்த நாளுக்காகக் கென்யாவிலிருந்தும் தான்சானியாவிலிருந்தும்கூட நாள்கணக்கில் நடந்து வருகிறார்கள்.

இல்லத்துப் பிள்ளைகளுக்குக் கிசிட்டோ என்ற பெயர் நன்றாகத் தெரியும். மறைசாட்சிகளில் மிக இளையவர் அவர், வயது பதினான்கு போல. நீங்கள் அந்தச் சமயத்தில் அங்கே இருந்தால் பிள்ளைகளையே கதை சொல்லச் சொல்லுங்கள். யாத்திரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போவதை இல்லம் முடிவு செய்யட்டும், கூட்டம் மிகப் பெரியது.

இல்லம் நல்ல இல்லமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கிளம்பும் முன் மூன்றைக் கேளுங்கள். பாலினம், தொழிலாளர், சமூக மேம்பாட்டு அமைச்சகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா? பிள்ளைகளைக் குடும்பத்தோடு சேர்க்க என்ன செய்கிறார்கள்? உங்களை என்ன வேலைக்கு, எந்த அனுமதியில் அழைக்கிறார்கள்? சுற்றுலா விசாவில் வந்துவிடுங்கள், பார்த்துக்கொள்ளலாம் என்றால் போகாதீர்கள். உங்கள் பின்னணியை விசாரிக்காமல் பிள்ளைகளோடு தங்கவிடும் இல்லத்துக்கும் போகாதீர்கள். குழந்தைகளைக் கொஞ்சும் வேலையைவிட, ஊழியர்களுக்குக் கணக்கு எழுத உதவுவது, ஆசிரியருக்குத் துணையாக இருப்பது போன்ற வேலையைக் கேட்டு வாங்குங்கள்.

யாராவது சாப்பிடக் கூப்பிட்டால்?

போங்கள். வாழையிலையில் கட்டி அவித்த மட்டோக்கேயும் நிலக்கடலைக் குழம்பும் கிடைக்கும். கையில் சர்க்கரையோ சோப்போ கொண்டுபோங்கள். இல்லத்தில் சொல்லிவிட்டுப் போங்கள்.

கடைசி ஞாயிறன்று எப்படி விடைபெறுவது?

பிரிவு விழா ஏதும் வேண்டாம் என்று உபதேசியாரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். முன்னால் நிறுத்தி, பிள்ளைகளை அழவைத்து, பரிசுப்பொருள் கொடுக்கும் காட்சி வேண்டாம். அறிவிப்பு நேரத்தில் ஒரு வரி போதும். பிள்ளைகளிடம் மூன்று வாரத்துக்கு முன்பிருந்தே நாளைச் சொல்லி வாருங்கள். திரும்பி வருவேன் என்று உறுதி இல்லாமல் சொல்லாதீர்கள்.

நான் இரண்டாவது தடவை போனபோது முதல் ஞாயிறன்று அந்தப் பையனைத் தேடினேன். இல்லத்து வரிசையில் அவன் இல்லை. பள்ளி விடுமுறை நாட்களில் பாட்டி வீட்டில்தான் இருக்கிறானாம். ஆராதனை பாதி நடக்கும்போது இரண்டு பேரும் வந்து, கதவோரப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவன் என்னைப் பார்த்து ஒரு தடவை கையசைத்துவிட்டு, பாட்டிக்கு வேதாகமத்தில் பக்கத்தை எடுத்துக் கொடுத்தான். கிளம்பும்போது 'வெராபா, ன்யாபோ' என்றான். போய்வாருங்கள் அம்மா என்று பொருள்.